மைக்காளானுக்குப் போட்ட பூச்சியம்

அன்பு மகன்,

அல்லாஹ்வின் சாந்தி உன் மேலும், அந்தக் குளிரில் உன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் மேலும் உண்டாகட்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் ஊரார் கைக்குப் போய்விடும், அதற்காக முகம் சுளிக்காதே. நான் படிப்பித்த பாடசாலை ஆண்டு மலர் போடுகிறது. ‘எனது ஆசிரியப் பணி’ என்று நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்தார்கள். எழுதத் தொடங்கினேன், இரண்டு வரியிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பிறகுதான் யோசித்தேன், உன்னை நான் நோகடித்தது சபையில், ஆட்கள் கூடியிருக்கும்போது. சபையில் செய்த பிழையைத் தொலைபேசியில் தனியாகச் சொல்லித் தீர்த்துக்கொள்வது கள்ளத்தனம். ஆகவே மலர்க் குழு மன்னிக்கட்டும், அந்த நாலு பக்கமும் உனக்குத்தான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டு எழுதவில்லை. பத்து நாளாக எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பேனையைப் பிடித்தால் எழுத்தே துள்ளுகிறது. “இந்த வயசில என்ன ஆட்டம் இது?” என்று உன் உம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

வாசிக்கிறவர்களுக்கு விஷயம் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். இந்தக் கிழக்குக் கரையில் எங்களுக்குக் குடி, அதாவது வம்சம், உம்மாவின் வழியில் வருகிறது. நீ உன் உம்மாவின் குடி, நான் என் உம்மாவின் குடி. பாலமுனையிலிருந்து சம்மாந்துறைக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் மட்டும்தான் வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, அவர்கள் சகோதர முறை. இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் கூடிவிட்டார்கள், மார்க்கத்திலும் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் உன் மாமா பார்ப்பார். உம்மாவின் காக்கா, மூத்த சகோதரர், நெல் ஆலைக்காரர், எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்பவர். அவர் பார்த்தால் வீடே பார்த்த மாதிரி.

ஸீனத் ஒலுவில் கம்பஸில் உன்னோடு ஒரே காளான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற பிள்ளை. அவளுடைய வாப்பா மருதமுனையில் தறி வைத்திருக்கிறார். பெண் வீட்டார்தான் வந்து கேட்பது எங்கள் வழக்கம், அவரும் மூன்று பேரோடு வந்தார். தன் தறியில் நெய்த ஒரு சாறனை எனக்கென்று கொண்டுவந்திருந்தார், நீலக் கரை போட்டது. பேச்சு நன்றாகத்தான் போனது. காளானைப் பற்றிக் கதைக்கக்கூடிய மருமகள் கிடைக்கப்போகிறாள் என்று நான் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது மாமா கேட்டார், “ஒங்கட மகள் என்ன குடி?” அவர் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, ஊர் சும்மா இருக்காது. மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப தங்கச்சி முறையாச்சே. எப்படிச் செய்யிற?”

“அது மருதமுனைக் குடி, இது சம்மாந்துறைக் குடி. பேர்தான் ஒண்டு. நமக்குள்ள எந்தக் காலத்திலயும் சொந்தம் இரிந்ததில்லியே” என்றார் அவர், மரியாதையாகத்தான்.

“பேர் ஒண்டெண்டா குடியும் ஒண்டுதான்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாய், நீயும் பார்த்தாய். முப்பத்தைந்து வருடம் உயிரியல் படிப்பித்தவன், பிள்ளையைப் பெற்ற தகப்பன், ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன? “குடி விஷயத்தில நான் என்னத்தக் கதைக்கிற? நான் வேற குடிதானே. மச்சான் சொல்றதுதான்.” அவ்வளவுதான். வந்தவர்கள் எழுந்து போனார்கள். சாறன் கதிரையில் கிடந்தது. பதினைந்து நாளில் நீ யப்பானுக்குப் புறப்பட்டாய், ஆறு மாத ஆராய்ச்சி என்று. வாசல் படலையடியில் உம்மாவைக் கட்டிப்பிடித்தாய். என்னைப் பார்த்து, “போய்ட்டு வாறன், சேர்” என்றாய். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் போல நீயும் சேர் என்றுதான் சொல்லவேண்டும் என்று நான்தான் பழக்கினேன். பாடசாலைப் படலையைத் தாண்டினால் வாப்பா. அந்த ஒழுங்கை நீ ஒரு நாளும் மாற்றியதில்லை. வீட்டு வாசலில் நின்று நீ சேர் என்று சொன்னது அன்றைக்குத்தான், அது எனக்கு நல்லாய்ச் சுட்டது.

நீ போன பிறகு நான் காளான் கொட்டிலுக்குள்ளேயே குந்திக்கொண்டேன். உனக்குத் தெரியும், ஓய்வூதியம் எடுத்ததிலிருந்து அதுதான் என் விளையாட்டு. வேளாண்மை வெட்டியதும் வயலிலிருந்து வைக்கோலை ஏற்றிக்கொண்டுவந்து, ஊறவைத்து, அடுக்கி, வித்துப் போட்டுக் காத்திருப்பது. இந்த முறை வைக்கோலில் எங்கேயோ சாணம் கூடிவிட்டது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், நான் போட்ட காளானைக் காணவில்லை, பாத்தி முழுவதும் மைக்காளான்! சாம்பல் தொப்பி போட்டுக்கொண்டு, மெல்லிய காலில், கூட்டம் கூட்டமாக. வந்த கோபத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு பேசினில் போட்டேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பேசின் நிறைய மை. வித்தியை, அந்தத் தூள் விதையை, உதிர்க்கத் தன் தொப்பியைத் தானே தின்று கரைந்துபோகிற சாமான் அது, இதை நான் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். கொட்டப் போனவன் நின்றேன். வடித்து எடுத்து, மணக்காமலிருக்க இரண்டு கராம்பு போட்டு, ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த நாள் கொட்டிலுக்கு வெளியே, புல்லோரத்தில், இன்னொரு சின்னக் காளான் நின்றது. விரலளவு உயரம், தொப்பியில் குடை மடிப்பு மடிப்பாக இருக்குமே அந்த மாதிரிக் கோடு. அதையும் பிடுங்கி மேசையில் வைத்தேன். உருகவில்லை. பின்னேரம் பார்த்தேன், உருகவில்லை. மறுநாள் காய்ந்து சருகாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மகன், பொறி தட்டினது. இதே காளானை நீ பத்தாம் வகுப்பில் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் வைத்துக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். “சேர், இது ரெண்டு நாளா உருகல்ல” என்றாய். “பொறு, உருகும்” என்றேன் நான். அது உருகவேயில்லை. நீ விடாமல் தவணைப் பரீட்சையில் எழுதினாய். உன் கொப்பிகளையெல்லாம் உம்மா அலுமாரியில் கட்டி வைத்திருக்கிறாள், ஓடிப்போய் அவிழ்த்துத் தேடி எடுத்தேன். நீ எழுதியது இதுதான்: “எல்லா மைக்காளானும் மையாக உருகுவதில்லை. உருகுகிற எல்லாம் சொந்தம் என்றும் சொல்ல முடியாது. ஆகவே இவை ஒரே சாதி என்பதற்கு உருகுவதை மட்டும் ஆதாரமாக எடுக்க முடியாது.” பக்கத்தில் என் சிவப்புப் பேனை. ஒரு பெரிய பிழைக் குறி, ஒரு பூச்சியம், அதற்குக் கீழே ‘அட்டவணையைப் பார்!’ என்று ஒரு உறுமல்.

அந்த அட்டவணை! ஹாட்போட் பலகையில் எனாமல் வர்ணத்தால் நானே கீறி விஞ்ஞான கூடச் சுவரில் மாட்டியது. நடுவில் பெரிய வெள்ளைக் காளான், உடம்பெல்லாம் செதில், மௌலவியின் நீளத் தொப்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மைக்காளான்கள், எல்லா இனத்துக்கும் ஒரே கட்டம், ஒரே சாதிப் பெயர், கொப்ரினஸ். அந்த நடுக் காளானை நான் என் கண்ணால் ஒரு நாளும் கண்டதில்லை என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கீறியது. கொட்டிலுக்குப் பின்னால் முளைப்பதை ஓரத்தில் கீறிவிட்டு, காணாததை நடுவில் கீறினவன் நான்.

பிறகு உன் மேசையில் நீ விட்டுப்போன காளான் ஆராய்ச்சிக் கடதாசிக் கட்டை எடுத்தேன். மூன்று நாள். பாதி விளங்கவில்லை, தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன், சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. விளங்கியது இதுதான். கறுப்பு வித்தி, மையாகக் கரையும் தொப்பி, இந்த இரண்டையும் கண்டால் அது கொப்ரினஸ் என்று சொல்லி நூற்றுக்கணக்கான இனங்களை அந்த ஒரு பெயருக்குள் போட்டு, ஏறத்தாழ இருநூறு வருடம் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். மரபணுவை வாசிக்கத் தொடங்கியதும் கட்டம் சிதறிவிட்டது! அந்த நடு வெள்ளைக் காளானும் இன்னும் மிகச் சிலவும் கடையில் விற்கிற பட்டன் காளானுக்குச் சொந்தக்காரர்கள். மற்றதெல்லாம் வேறொரு பக்கம், பார்த்தால் மையும் இல்லாத ஒன்றும் இல்லாத, தொட்டால் உடைகிற மெல்லிய பழுப்புக் காளான்களோடு ஒரு குடும்பம். ஒரே சாதி என்று நான் சத்தியம் பண்ணிப் படிப்பித்தது நாலு சாதியாகிவிட்டது. கொப்ரினஸ், கொப்ரினெல்லஸ், கொப்ரினொப்சிஸ், பரசோலா. நீ மூடியில் கொண்டுவந்த அந்த மடிப்புக் குடைக்காரன் பரசோலா, மகன்! இதெல்லாம் நடந்து இருபது வருடத்துக்கு மேல். நான் உனக்குப் பூச்சியம் போட்ட நாளில் உலகத்தில் உன் பக்கம்தான் சரியாக இருந்திருக்கிறது.

இதிலே எனக்குப் பிடித்த பகுதி பெயர் யாருக்குப் போனது என்பதுதான். முதலில் எந்த இனத்தை வைத்துப் பெயர் கட்டினார்களோ அந்த இனம் போகிற பக்கம் பெயரும் போகவேண்டுமாம், உம்மா போகிற பக்கம் குடி போகிற மாதிரி. ஆகவே கொப்ரினஸ் என்ற பெயரை அந்த வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொப்ரினஸ் என்றால் சாணத்தில் வாழ்வது என்று அர்த்தம். அவனோ பெரும்பாலும் புல்லில் நிற்கிறவன். உண்மையாகச் சாணத்தில் உழல்கிற என் பாத்திக்காரர்கள் பெயரைப் பறிகொடுத்துவிட்டு, புதுப் பெயரோடு நிற்கிறார்கள். வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். இத்தனைக்கும் அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, வழக்கம்போல் விடியலில் முளைத்து மதியத்தில் உருகுகிறார்கள்.

சிரித்து முடிந்ததும் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் ஞாபகம் வந்தது. பேர் ஒண்டெண்டா குடியும் ஒண்டுதான். கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். உன் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரே பெயரில் இருப்பவரெல்லாம் சொந்தமில்லை, இதோ ஆதாரம், மச்சானிடம் இதைக் காட்டப்போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

“காளானக் காட்டிக் கலியாணம் பேசப் போறீங்களா?”

“இது விஞ்ஞானம்.”

“விஞ்ஞானமோ என்னமோ. குடி காளானில்ல. என்ட உம்மா மௌத்தான நேரம் முதல்ல வாசல்ல வந்து நிண்டது என்ட குடி ஆக்கள். எனக்கு அது வேணும்.”

அவள் சொன்னது சரி. எங்கள் மூத்த மகளின் கலியாணத்துக்கு அண்டா தூக்கியதும் அவர்கள்தான், நான் என்றைக்கும் அந்தக் குடியைக் கேலி செய்ததில்லை. கடதாசியை மடித்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஆனா ஒண்டு. அது என்ட குடி. என்ட வயித்தால அவனுக்குப் போன குடி. அண்டைக்கு ஆம்புளயள் எல்லாரும் இரிந்து கதச்சீங்க. நான் திரைக்குப் பின்னால நிண்ட. ஒராளாவது உள்ளுக்கு வந்து, உனக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டீங்களா?”

“கேட்டிரிந்தா என்ன சொல்லியிருப்பாய்?”

“ஓம் எண்டிருப்பன்.”

குடி உம்மாவின் வழியில் வருகிறது என்று இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் நானே எழுதினேன். ஆயிரம் பேருக்கு அதை விளக்கியிருப்பேன். ஆனால் அந்த உம்மா பத்தடி தூரத்தில் நிற்க, குடியைப் பற்றி அவளுடைய காக்காவிடம் கேட்டோம், அவர் சொன்னதும் தலையாட்டினோம். உருகுகிறதா என்று பார்க்காமல் உருகும் என்று சொன்னவன், அதே வேலையைத்தான் சபையிலும் செய்திருக்கிறேன். என் பிழை விஞ்ஞானம் தெரியாத பிழை இல்லை. கேட்கவேண்டிய ஆளைக் கேட்காத பிழை. அதற்கு மேல் ஒரு கோழைத்தனமும் இருந்தது. வாய் திறந்தால் ‘நீங்க வெளி ஆள்’ என்று மச்சான் சொல்லிவிடுவாரோ என்ற பயம், அதனால் அவர் சொல்லுமுன் நானே சொல்லிக்கொண்டேன். என்னை மன்னித்துக்கொள்.

இனி நீயும் என் மாதிரி ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறவன். உன் பிள்ளைகள் ஸீனத்தின் குடியாக இருப்பார்கள். மற்றவர்களுக்கு அது வேறு குடியாக இருக்கும், உன் விஷயத்தில் அதுவும் உன் குடியும் ஒரே பெயராக இருக்கும். அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை! ஆனாலும் ஒரு நாளைக்கு அந்த வீட்டில் ஏதோ ஒரு காரியத்தில், ‘நான் சம்மாந்துறைக்காரன்தானே, நான் என்னத்தக் கதைக்கிற’ என்று ஒதுங்கிக்கொள்ள உனக்கு மிகவும் வசதியாக இருக்கும். ஒதுங்காதே. திரைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார், கேள், பிறகு சபைக்கு வந்து உன் வாயால் சொல். முப்பத்தாறு வருடம் இந்த வீட்டில் சோறு தின்றபிறகும் வெளி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று உன் உம்மா சொல்கிறாள்.

அன்றைக்கே உம்மா காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். “காக்கா, என்ட மகன்ட கலியாணம். அந்தப் புள்ளயத்தான் செய்யிற. நீங்க முன்னுக்கு நிக்கணும்” என்றாள். மறுபக்கம் நெடுநேரம் உறுமியது. கடைசியில், “நீ சொன்னா நான் என்னத்தச் சொல்ற? சரி, அரிசி என்ட பொறுப்பு” என்றார். ஆறு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த மனிதர் அரை மணித்தியாலத்தில் அரிசிக்கு வந்துவிட்டார்.

நான் விஞ்ஞான கூடத்துக்குப் போனேன். இப்போது அங்கே படிப்பிக்கிற பிள்ளை என்னிடம் படித்தவள். அட்டவணையைத் திருத்தவேண்டும் என்றதும், “சேர், இது சோதனைக்கு வராதே” என்றாள். வராட்டியும் பரவாயில்லை என்று கதிரையில் ஏறி, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய கட்டத்துக்கு வெள்ளை அடித்து, நாலு கட்டம் போட்டேன். இதை நான் பிழையாகப் படிப்பித்தேன், இதைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பூச்சியமும் போட்டேன் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி, “அப்ப இனி மாறாதா சேர்?” என்று கேட்டாள். மாறும், இப்போதும் இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று சொல்லி, பக்கத்தில் கொஞ்சம் வெள்ளையைச் சும்மா விட்டுவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து உன் கொப்பியைத் திறந்தேன். கராம்பு போட்ட அந்தப் போத்தல் மையைத் தொட்டு, என் பூச்சியத்தை வெட்டி, பத்துக்குப் பத்துப் போட்டேன். நல்ல கறுப்பு மை, அசல் சாமான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானும் உம்மாவும் மருதமுனைக்குப் போனோம். அந்த நீலக் கரைச் சாறனை உடுத்திக்கொண்டு போனேன். ஸீனத்தின் வாப்பா படலையடியில் சாறனைத்தான் முதலில் பார்த்தார், பிறகு என்னை. நான் வாய் திறக்குமுன் உம்மா தொடங்கிவிட்டாள். “அண்டைக்கு என்னக் கேக்காம ஒங்கள அனுப்பிட்டாங்க. குடி எனக்குள்ளால வாறது. நான் ஓம் எண்டு சொல்ல வந்திரிக்கன்.” மாப்பிள்ளை வீட்டார் போய்க் கேட்பது எங்கே நடக்கும்? மனிதர் படலையை அகலத் திறந்துவிட்டார். பிறகு, “எங்கட ஊட்டிலயும் அவட உம்மாட்ட நாங்க கேக்கல்ல” என்று சொல்லி, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்தார். இரண்டு உம்மாமாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் வெளியே வாங்கில், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் போலக் குந்தியிருந்தோம். கதவு திறந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நீ வந்து இறங்கிய மறுவெள்ளி நிக்காஹ்.

இதையெல்லாம் ஸீனத் உனக்கு அன்றைக்கே சொல்லியிருப்பாள், தெரியும். தேத்தண்ணி கொண்டுவந்தவள், நான் சொன்ன மைக் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம், “மாமா, கொட்டிலுக்குள்ள அந்தச் சாம்பல் காளான் இன்னும் முளைக்குதா? எனக்கு நாலஞ்சு வேணும்” என்று கேட்டாள். பாத்தி முழுவதையும் அவளுக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். உன் கொப்பி உன் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. நீ வருகிற அன்றைக்குப் படலையடியில் நான்தான் நிற்பேன். நீ வாகனத்திலிருந்து இறங்கி என்னை என்ன சொல்லிக் கூப்பிடப்போகிறாய் என்று இப்போதிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா